வடக்கு பார்த்தவன்

திம்பம் இறங்கும்போது எண்ணிப் பார்த்தேன்:
ஒன்பது குடி, பதினோரு மாடு,
ஒரு கலப்பை, அதுவும் மேழி உடைந்தது.
மலைக்கு மேலே எங்கள் களத்து ராகியில்
அரண்மனை ஆட்கள் வைத்த சாணிமுத்திரை
அப்போது காய்ந்துகூட இருக்காது.

ஆற்றைத் தாண்டி ஒரு நாள் நடை.
கிளுவை வேலி, செம்மண், ஓடக்கல்.
பால் விற்கப் போன முதல் நாள்
"ஹாலு, ஹாலு" என்று தெருவெல்லாம் கூவினேன்.
நாய்கள் வந்தன.
கதவிடுக்கில் நின்று ஒருத்தி
"என்னங்கொ விக்கிறீங்கொ?" என்றாள்.
செம்பைச் சாய்த்துக் காட்டினேன்.
"அட, பாலு!"
அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
நான்கு மாதம் தள்ளினேன்.

செங்கோடக் கவுண்டர் நல்லவர் என்றார்கள்.
நல்லவர்தான்.
கொறங்காட்டுக்கு மேற்கே கல்லாங்காட்டைக் காட்டி
"உழுதுக்குங்க. பத்துல மூணு எனக்கு.
வெள்ளிக்கிழமை மாரியாத்தா கோயலுக்கு வந்து
கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போடுங்க,
ஓடிப்போக மாட்டம்னு" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
கழுத்தில் தொங்கும் லிங்கத்தைத் தவிர
வேறெங்கும் குனிந்து பழகாத கூட்டம்.
குருசித்தப்பா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:
"சொன்ன சொல் இருக்கு. அதுக்கு மேலே நெருப்பு எதுக்கு?"
கவுண்டர் வெற்றிலையைத் துப்பினார்.
"சாமிக்குப் பயப்படாதவன்
கடனுக்கு எப்படிப் பயப்படுவான்?"
அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நிலம் இல்லை என்று ஆயிற்று.
போ என்றும் யாரும் சொல்லவில்லை.
வேலமரத்தடியில் ஐப்பசி வரை கிடந்தோம்,
அடுத்தவர் காட்டில் கல் பொறுக்கி
அரைவள்ளக் கம்புக்கு.

சென்னமல்லனுக்கு, என் கொழுந்தனுக்கு,
ராத்திரியானால் ஒரே பேச்சு:
"திரும்பிடலாம் அத்திகே.
அங்கே உதைத்தாலும்
நம் பாஷையில் உதைப்பார்கள்."
நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்கமாட்டான்.
தலைமாட்டில் செருப்பை ஜோடியாக வைத்துத்தான் படுப்பான்,
விடிந்ததும் கிளம்புகிறவன் போல.

கார்த்திகையில் மலைக்காய்ச்சல்.
எட்டாம் நாள் விடிந்தபோது
செருப்பு மட்டும் கிளம்பத் தயாராக இருந்தது.

நாங்கள் எரிப்பதில்லை.
யாரையும் கேட்காமல்
கல்லாங்காட்டின் நடுவில் குழி வெட்டினோம்.
மூன்றடிக்குக் கீழே கடப்பாரையில் பொறி பறந்தது.
சம்மணமிட்டு அவனை உட்கார வைத்து
இடது உள்ளங்கையில் அவன் லிங்கத்தை வைத்து
கழுத்து வரை உப்பும் திருநீறும் கொட்டினோம்.
உப்பு எங்களிடம் ஏது?
பால் வாங்குகிறவள் கூடையில் கொண்டுவந்து
வரப்பில் வைத்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனாள்.

செங்கோடக் கவுண்டர் வந்து மேட்டில் நின்றார்.
வெகுநேரம் பேசவில்லை.
சண்டைக்கு வந்திருக்கிறார் என்று
ஆண்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள்.
கை ஓங்குவது எங்கள் வழக்கமில்லை.
அவர் தன் ஆளைக் கூப்பிட்டார்.
"கயித்த எடுத்தா, அளந்துபோடு.
பொறந்தவன மண்ணுல வெச்சவன் எங்கடா ஓடுவான்."

எங்களுக்கு நிலம் கிடைத்தது இப்படித்தான்.
ஓலை எழுதவில்லை, கற்பூரம் அணைக்கவில்லை.
போகலாம் போகலாம் என்றவன்தான்
ஒன்பது குடிக்கும் பிணை.
அன்று ராத்திரி என் வீட்டுக்காரன் அழுதான்.
தம்பிக்காகவா, காட்டுக்காகவா,
நான் கேட்கவில்லை.

இப்போது சோளம் இடுப்பளவு.
நட்ட கிளுவைக் குச்சிகள் துளிர்த்து
ஆடு நுழையாத வேலியாகிவிட்டன.
என் மகளிடம் "ஹாலு" என்றால் சிரிக்கிறாள்.
அவன் இருக்கும் இடம் வந்ததும்
மாடுகளே ஏரை வளைத்துக்கொள்கின்றன.

செத்தவர்களை வடக்கு பார்த்து வைப்பது வழக்கம்.
அப்பனும் அப்படித்தான், அவன் அப்பனும்.
அன்றைக்கு யாரும் யோசித்து வைக்கவில்லை.
மழை ஓய்ந்த ஒரு காலையில்
களை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன்.
அவன் தலைக்கு நேரே,
மேகம் விலகி,
திம்பத்துப் பாதை
மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.